சன் சிட்டியில் எந்த ஹோட்டல்? ஐந்து வயது, இரண்டு வயது, கூடவே மாமியார்

கயல்_மிட்ராண்ட் | ஞாயிறு இரவு 9.40

வணக்கம். தென்னாப்பிரிக்காவில் ஜோஹன்னஸ்பர்க் பக்கம் மிட்ராண்டில் இருக்கிறோம். அக்டோபர் பள்ளி விடுமுறையில் மூன்று இரவு வெளியே தங்கலாம் என்று இருக்கிறோம். மகனுக்கு ஐந்து வயது. மகளுக்கு இரண்டு வயதும் நாலு மாதமும். திருநெல்வேலியிலிருந்து மாமியார் வந்து எங்களோடு இருக்கிறார். அவருக்கு முழங்கால் வலி, படி என்றாலே பயம்.

மகனின் வகுப்புத் தோழன் சன் சிட்டி என்ற உல்லாச விடுதி வளாகத்துக்குப் போய்வந்து, அங்கே மணலும் அலையும் இருக்கிற குளத்தைப் பற்றிக் கதை கதையாய்ச் சொல்லியிருக்கிறான். அன்றிலிருந்து வீட்டில் வேறு பேச்சே இல்லை. சரி என்று இணையத்தைத் திறந்தால் நாலு ஹோட்டல்: பேலஸ், கேஸ்கேட்ஸ், சோஹோ, கபானாஸ். இதுபோக நாமே சமைத்துச் சாப்பிடுகிற வெக்கேஷன் கிளப் வீடுகள். "போகப்போவது ஒரு தடவை, பேலஸிலேயே தங்கிவிடுவோம்" என்கிறார் கணவர். விலையைப் பார்த்து எனக்குத்தான் தலை சுற்றுகிறது. ஜோஹன்னஸ்பர்க்கில் கோல்ட் ரீஃப் சிட்டி என்ற கேளிக்கைப் பூங்காவுக்குள்ளேயே ஒரு ஹோட்டல் இருக்கிறதாமே, வீட்டுக்கும் பக்கம், அது எப்படி?

இன்னொன்று, அப்போது புரட்டாசி. மாதம் முழுக்க எங்களுக்குக் கறி மீன் கிடையாது. மாமியாருக்குச் சனிக்கிழமை ஒருபொழுது வேறு. போய்வந்தவர்கள் சொல்லுங்கள்.

நெட்டைக்கொக்கு | ஞாயிறு இரவு 9.52

கபானாஸ். யோசிக்காமல் போடுங்கள்.

கயல்_மிட்ராண்ட் | ஞாயிறு இரவு 9.55

காரணம் சொன்னால் அவரிடம் காட்டலாம் :)

நெட்டைக்கொக்கு | ஞாயிறு இரவு 10.10

அடுக்குமாடி மாதிரி உயரமான கட்டடம் இல்லை. தரைத்தள அறை கேட்டு வாங்கிவிட்டால் கதவைத் திறந்ததும் புல்தரை, அப்பால் ஏரி. பிள்ளைகள் ஓடுவார்கள், யாரும் முறைக்கமாட்டார்கள். கேம்ப் க்வேனா என்று சிறுவர் கிளப் அங்கேதான் இருக்கிறது. எத்தனை வயதிலிருந்து சேர்ப்பார்கள் என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். நாலு ஹோட்டலில் விலை குறைவும் அதுதான். அண்ணனிடம் இதைக் காட்டுங்கள்.

மெல்ரோஸ்_மீனா | திங்கள் காலை 7.15

நாங்கள் பேலஸில் தங்கியிருக்கிறோம், கல்யாண நாளுக்கு, அப்போது பையனுக்கு மூன்று வயது. 1992 டிசம்பரில் திறந்த கட்டடம். காணாமல் போன ஒரு ராஜ்ஜியத்தின் அரண்மனையைக் காட்டுக்குள் கண்டுபிடித்தது போல ஒரு கதையைக் கட்டி அதற்கேற்ப எழுப்பியிருக்கிறார்கள். கோபுரம், குவிமாடம், ஷாவு என்ற யானையின் பெரிய சிலை. கண்ணுக்கு நிறைவு என்பதில் சந்தேகமே இல்லை.

ஆனால் கயல், மூன்று வயதுப் பையன் குவிமாடத்தைப் பார்ப்பானா? வழுவழுத் தரையைப் பார்த்தான், சறுக்கினான். அவன் சத்தம் போடும்போதெல்லாம் நான் "ஷ்ஷ்" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். மூன்று நாளும் அதே வேலை. யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, எனக்கே கூசியது. அறையிலிருந்து சாப்பாட்டு மண்டபத்துக்கே நல்ல நடை. உங்கள் மாமியாரை நினைத்துப் பாருங்கள்.

விலைப்பட்டியலை மூடி வைத்துவிட்டு ஒரு தாளை எடுத்து, உங்கள் மகளின் ஒரு நாளை எழுதுங்கள். காலை ஆறு மணிக்கு விழிப்பு. பூங்கா திறக்கும்வரை மூன்று மணி நேரம் அவளை எங்கே மேய்ப்பீர்கள்? அலைக்குளத்தில் அதிகம் போனால் இரண்டு மணி நேரம், அதற்குள் உதடு நீலமாகிவிடும். பன்னிரண்டரைக்குத் தூக்கம். மூன்று மணிக்கு எழுந்ததும் மறுபடி மேய்ச்சல். ஏழு மணிக்குச் சாப்பாடு, எட்டுக்குப் படுக்கை. நீங்கள் பணம் கொடுத்துப் போகிற பூங்காவில் அவள் இருப்பது இரண்டு மணி நேரம், மிச்ச நேரமெல்லாம் ஹோட்டலும் அதைச் சுற்றிய இடமும்தான். அந்த மிச்ச நேரத்துக்குத்தான் ஹோட்டல் பார்க்க வேண்டும்.

பிரிட்டோரியா_பாபு | திங்கள் காலை 8.02

மீனா அக்கா சொல்வதில் பாதிதான் சரி. அலைக்குளம் இருக்கிற வேலி ஆஃப் வேவ்ஸ் பூங்காவுக்கு ஒட்டினாற்போல் இருப்பது பேலஸ்தான். கபானாஸ் இந்தக் கோடியில், நுழைவாயில் பக்கம். பன்னிரண்டரைக்குத் தூக்கம் என்கிறீர்களே, அந்தத் தூங்குமூஞ்சியை ஈரத்துணியோடு தோளில் போட்டுக்கொண்டு ஷட்டில் பஸ்ஸுக்கு வெயிலில் நிற்கப்போவது யார்? பேலஸ் என்றால் நடந்தே அறைக்கு வந்துவிடலாம். எங்கள் இரட்டையருக்கு இரண்டு வயதில் அந்த ஒரு காரணத்துக்காகவே அதிகப் பணம் கொடுத்தோம், வருத்தமில்லை.

மெல்ரோஸ்_மீனா | திங்கள் காலை 8.20

பாபு, அது நியாயம்தான். ஆனால் உங்களுக்கு மாமியார் கூட வரவில்லை, வந்திருந்தால் இரண்டு அறை. பேலஸில் இரண்டு அறை என்றால் எங்கள் வீட்டில் அதற்கு ஒரு குளிர்சாதனப் பெட்டியும் துணிதுவைக்கும் இயந்திரமும் வாங்கிவிடுவோம்.

பிரிட்டோரியா_பாபு | திங்கள் காலை 8.24

ஒப்புக்கொள்கிறேன். மாமியாரை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

லெனேசியா_மருமகள் | திங்கள் காலை 10.30

கோல்ட் ரீஃப் சிட்டி பற்றிக் கேட்டிருந்தீர்கள். கிரவுன் மைன்ஸ் தங்கச் சுரங்கத்தின் 14ஆம் எண் சுரங்கக்குழியின் மேல் கட்டிய பூங்கா. பழைய ஜோஹன்னஸ்பர்க் தெரு மாதிரி வீடுகள், தங்கத்தை உருக்கி வார்த்துக் காட்டும் இடம், சுரங்கத்துக்குள் இறங்கிப் பார்ப்பது எல்லாம் உண்டு. பூங்கா ஹோட்டல் அந்தப் பழைய பாணியிலேயே இருக்கும்.

ஆனால் பெயர்பெற்ற ராட்டினங்கள் எல்லாம் பெரிய பிள்ளைகளுக்கு. அனகோண்டாவிலும் டவர் ஆஃப் டெரரிலும் உயர அளவுகோல் வைத்துத்தான் ஏற்றுவார்கள். டவர் ஆஃப் டெரர் பழைய சுரங்கக்குழிக்குள்ளேயே செங்குத்தாக விழும், எனக்குப் பார்த்தாலே வயிற்றைக் கலக்கும். ஐந்து வயதுக்குச் சின்ன ராட்டினங்கள் போதும்தான், அதற்கு ஒரு பகல் போதும், காலையில் போய்ச் சாயங்காலம் மிட்ராண்டுக்குத் திரும்பிவிடலாம். மூன்று இரவு தங்க வேண்டியதில்லை. விடுமுறை இல்லாத வாரங்களில் திங்கள், செவ்வாய் பூங்கா மூடியிருக்கும். அது தெரியாமல் நாங்கள் ஒரு செவ்வாய்க்கிழமை போய் வாசலில் நின்றோம். பிள்ளைகளின் முகம் இப்போதும் கண்ணில் நிற்கிறது.

கணக்குப்பிள்ளை | திங்கள் மதியம் 1.05

நான் ஒன்று கேட்கிறேன், யாரும் கோபிக்க வேண்டாம். சன் சிட்டிக்கு ஒரு நாள் சீட்டு வாங்கிப் போய்வர முடியும்போது ஹோட்டல் எதற்கு? மிட்ராண்டிலிருந்து இரண்டு மணி நேரம்தானே. அந்தப் பணத்தில் ஊருக்கு விமானச் சீட்டே வாங்கலாம்.

நெட்டைக்கொக்கு | திங்கள் மதியம் 1.11

போக இரண்டு, வர இரண்டு. வரும்போது சாயங்கால இருட்டில் ரஸ்டன்பர்க் பக்கம் லாரிகளுக்கு நடுவே, பின்சீட்டில் ஒரு அழுகை, முன்சீட்டில் ஒரு குறட்டை. செய்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் அண்ணா.

கணக்குப்பிள்ளை | திங்கள் மதியம் 1.15

செய்திருக்கிறேன். அழுகையும் குறட்டையும் உண்மை. பணம் மிச்சமானதும் உண்மை.

கயல்_மிட்ராண்ட் | திங்கள் மதியம் 1.40

இரண்டு வயதோடு ஒரே நாளில் போய்வர எனக்குத் தெம்பில்லை. ஆனால் கணக்குப்பிள்ளை அண்ணா சொன்னது கணவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது, இப்போது புது வாதம் ஆரம்பம். நன்றி :(

சாட்ஸ்வொர்த்_தாத்தா | திங்கள் மாலை 5.30

மகளே, டர்பனில் இருந்து எழுதுகிறேன். என் தமிழ் சனிக்கிழமைப் பள்ளியில் படித்த தமிழ், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

அங்கேயெல்லாம் ஏன் போகிறாய், இங்கே வா. உஷாகா கடல் பூங்கா 2004இல் திறந்தது. கடலுக்குப் பக்கத்திலேயே நீர்ச்சறுக்கு, மூழ்கிய கப்பல் போலக் கட்டிய இடத்துக்குள் மீன் காட்சி. பூங்காவுக்குள் ஹோட்டல் இல்லை, அதனால் என்ன? கடற்கரையோரம் அடுப்பறையோடு கூடிய வாடகை வீடுகள் நிறைய உண்டு. உன் மாமியார் ஒருபொழுது முடித்துத் தன் கையாலேயே சமைத்துச் சாப்பிடுவார். எங்கள் ஊரில் புரட்டாசி என்றால் தெருவே கறியை விட்டுவிடும். கடையில் பீன்ஸ் பனி சௌ (ரொட்டியைக் குடைந்து உள்ளே குழம்பு ஊற்றியது) கேட்டால் ஏன் என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

சன் சிட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. 1979இல் அது திறந்தபோது அந்த இடம் போஃபுதட்ஸ்வானா, நிறவெறி அரசு தனி நாடு என்று வரைந்து வைத்த நிலம். இந்தப் பக்கம் சூதாட்டத்துக்குத் தடை, அதனால் அந்தப் பக்கம் கட்டினார்கள். உலகப் பாடகர்கள் பலர் அங்கே பாடமாட்டோம் என்று மறுத்தார்கள். நானும் நிறவெறி ஆட்சி முடிந்த 1994க்குப் பிறகுதான் கால் வைத்தேன். பேரப்பிள்ளைகளுக்கு இந்தக் கதை எல்லாம் எதற்கு, அவர்களுக்கு அலை வேண்டும். இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

கயல்_மிட்ராண்ட் | திங்கள் இரவு 8.15

தாத்தா, உங்கள் தமிழ் என் மகனின் தமிழைவிட நூறு மடங்கு மேல். டர்பனுக்கு வரவே ஆசை, ஆனால் என்3 நெடுஞ்சாலையில் ஹாரிஸ்மித் தாண்டி வான் ரீனன் மலை இறங்கி ஆறேழு மணி நேரம்! மகள் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கார் சீட்டில் உட்காரமாட்டாள். மூன்று வயதுக்குக் கீழே என்றால் கார் சீட் சட்டப்படி கட்டாயம், மடியில் வைத்துக்கொண்டு வரவும் முடியாது. டர்பன் அடுத்த ஜூலைக்கு. அப்போது இங்கே உறைபனி, அங்கே வெயில்.

சாட்ஸ்வொர்த்_தாத்தா | திங்கள் இரவு 8.31

சரி, ஜூலைக்கு வா. சன் சிட்டிக்குப் போகும்போது பட்கோஸ் (வழிச்சாப்பாடு) கட்டிக்கொண்டு போ. புளிச்சோறு கெடாது.

மெல்ரோஸ்_மீனா | திங்கள் இரவு 9.00

சாப்பாட்டு விஷயத்தில் தாத்தா சொன்னது முக்கியம். பெரிய ஹோட்டல்களின் காலை பஃபேயில் சைவத்துக்குக் குறைவில்லை: பழம், தயிர், தக்காளியில் செய்த பீன்ஸ், காளான், உருளைக்கிழங்கு, ரொட்டி. முட்டை சாப்பிடுவீர்கள் என்றால் இன்னும் சுலபம். ராத்திரிச் சாப்பாடுதான் பிரச்சினை, சைவம் என்றால் பாஸ்தா, பீட்சா, மறுபடி பாஸ்தா. இன்னொன்று, பஃபேயில் பன்றி இறைச்சி எடுத்த இடுக்கியாலேயே அடுத்த ஆள் காளானை எடுப்பார். மாமியாருக்கு அது ஒவ்வாது என்றால் சமையல்காரரிடம் நேரே சொல்லுங்கள், உள்ளேயிருந்து தனியாக எடுத்துத் தருவார்கள்.

அறையில் சமைக்க மட்டும் முயலாதீர்கள். கடற்கரைப் பக்கம் ஒரு ஹோட்டலில் (பெயர் எதற்கு) என் அம்மா குட்டிக் குக்கரில் சாதம் வைத்தார். ஆவி மேலே போய்ப் புகை அலாரம் அடித்து, இரவு உடையோடு மொத்தத் தளமும் படியிறங்கியது. கீழே நின்ற கூட்டத்தில் எல்லோரும் "யாரோ சிகரெட் பிடித்திருக்கிறார்கள்" என்று திட்டினார்கள். அம்மாவும் சேர்ந்து திட்டினார்.

கயல்_மிட்ராண்ட் | திங்கள் இரவு 9.06

சிரித்துச் சிரித்து மாமியாரிடம் படித்துக் காட்டினேன். "அந்த அம்மாவை எனக்குப் பிடிச்சிருக்கு" என்றார்.

வழக்கு_எண்_ஒன்று | செவ்வாய் காலை 6.50

அடுப்பறை வேண்டுமென்றால் வெக்கேஷன் கிளப் வீடுகள் நல்ல யோசனை. டைம்ஷேர் முறையில், அதாவது ஆண்டில் சில வாரம் மட்டும் தங்கும் உரிமையை வாங்கியவர்கள், தங்கள் வாரத்தை வாடகைக்கு விடுவார்கள். ஆனால் முகநூலில் "சன் சிட்டி, ஆறு பேர், பாதி விலை" என்று வருவதில் பாதி மோசடி. பணம் அனுப்பும் முன் முன்பதிவு எண்ணை வாங்கி, ரிசார்ட்டையே தொலைபேசியில் அழைத்து அந்தப் பெயரில் பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்கவிடாமல் அவசரப்படுத்தினால் விட்டுவிடுங்கள்.

சட்டம் பற்றியும் சொல்லிவிடுகிறேன், பலருக்குத் தெரியாது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2008ஆம் ஆண்டின் 68ஆம் எண். அதன் 17ஆம் பிரிவின்படி முன்பதிவை நீங்கள் ரத்து செய்யலாம். ஹோட்டல் நியாயமான அளவு கட்டணம் பிடித்துக்கொள்ளலாம், "முழுப் பணமும் போச்சு" என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது. யாருக்காகப் பதிவு செய்தீர்களோ அவர் இறந்துவிட்டாலோ மருத்துவமனையில் சேர்க்கப்பட்டாலோ ரத்துக் கட்டணமே கிடையாது. சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு இது பெரிய விஷயம், அதனால் பிள்ளைகளின் பெயரையும் பதிவில் சேர்க்கச் சொல்லுங்கள்.

மாலில் "இலவச வாரக்கடைசி" என்று கூப்பிட்டு உட்காரவைத்து டைம்ஷேர் புள்ளிகளை விற்பார்கள். அப்படி நேரடி விற்பனையில் கையெழுத்துப் போட்டுவிட்டால் ஐந்து வேலை நாளுக்குள் எழுத்து மூலம் ரத்து செய்யலாம், 16ஆம் பிரிவு. நான் நாலாவது நாள் செய்தேன். எப்படித் தெரியும் என்கிறீர்கள்?

லெனேசியா_மருமகள் | செவ்வாய் காலை 9.12

பேலா-பேலாவை யாரும் சொல்லவில்லையே. முன்பு வார்ம்பாத்ஸ் என்றார்களே, அதுதான். பிரிட்டோரியாவுக்கு வடக்கே நூறு கிலோமீட்டர் சொச்சம். இயற்கையான வெந்நீர் ஊற்று, அந்த நீரிலேயே குளங்கள், சறுக்குமரங்கள், அடுப்பறையோடு வீடுகள். மாமியாரின் முழங்காலுக்கு வெந்நீர், பேரனுக்குச் சறுக்கு. ஆடம்பரம் இல்லை, கூட்டம் உண்டு. எங்கள் குடும்பத்துக்கு அதுதான் வழக்கம்.

கயல்_மிட்ராண்ட் | செவ்வாய் காலை 9.40

ஐயோ, இப்போது இதுவும் சேர்ந்துவிட்டதா. மாமியார் கேட்டதும் கண் விரிந்தது. ஆனால் மகனிடம் "அலை உண்டா?" என்ற ஒரே கேள்விதான். சன் சிட்டிதான். இனி கபானாஸா வெக்கேஷன் கிளப்பா என்று மட்டும் சொல்லுங்கள்.

நெட்டைக்கொக்கு | செவ்வாய் காலை 10.05

மூன்று இரவுக்கு நீங்கள் சமைக்கவா போகிறீர்கள்? விடுமுறையிலும் பாத்திரம் கழுவுகிறவர் யார் என்று முதலில் முடிவு செய்யுங்கள். அண்ணன் கழுவுவார் என்றால் கிளப். இல்லையென்றால் கபானாஸ்.

கயல்_மிட்ராண்ட் | செவ்வாய் காலை 10.07

கபானாஸ்.

பிரிட்டோரியா_பாபு | செவ்வாய் காலை 11.20

அப்படியானால் சில குறிப்புகள். அறை பதியும்போது "பிள்ளைகள் இலவசம்" என்பதன் கீழே உள்ள சின்ன எழுத்தைப் படியுங்கள், பெரியவர் இருவரோடு அதே அறையில் தங்கினால்தான் என்று இருக்கும். மாமியார் அறையை உங்கள் அறைக்கு அடுத்ததாகக் கேளுங்கள், இரண்டும் தரைத்தளம், எழுத்தில் வாங்குங்கள். தொட்டில் வேண்டுமென்றால் இப்போதே சொல்லிவிடுங்கள்.

வெள்ளி, சனி தவிர்த்து ஞாயிறு முதல் புதன் வரை போங்கள். கூட்டமும் குறையும், மாமியாரின் சனிக்கிழமையும் வீட்டோடு முடியும். நீச்சல் டயப்பர் இல்லாமல் குளத்தில் விடமாட்டார்கள், இங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள். அலைக்குளத்தில் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு கரையோரம் மட்டும். ஆழமில்லாத சிறுவர் குளம் தனியாக இருக்கிறது, அவள் இடம் அதுதான். பிற்பகலில் இடி மின்னல் வந்தால் எல்லோரையும் தண்ணீரிலிருந்து வெளியேற்றுவார்கள், அதனால் அலையைக் காலையிலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

குரங்கு! பால்கனிக் கதவை அரை நிமிடம்கூடத் திறந்து போடாதீர்கள். அந்தப் பக்கத்தில் பபூன்களும் சின்னக் குரங்குகளும் சகஜம். ஒருமுறை வேறொரு காட்டு விடுதியில் எங்கள் முறுக்கு டப்பாவை ஒன்று மூடியைத் திருகித் திறந்தது. எனக்கே அந்த மூடி வராது.

மெல்ரோஸ்_மீனா | செவ்வாய் மதியம் 12.00

பக்கத்திலேயே பிலானெஸ்பெர்க் சரணாலயம். மலேரியா இல்லாத பகுதி, அதனால் குட்டிகளை தைரியமாகக் கூட்டிப் போகலாம். திறந்த வண்டிச் சவாரிக்குச் சின்னப் பிள்ளைகளை ஏற்றமாட்டார்கள், வயது வரம்பு உண்டு. உங்கள் காரிலேயே பாகுபங் வாசல் வழியாகப் போங்கள். மகள் தூங்கும் நேரத்தில் போனால் அவளுக்குத் தூக்கம், உங்களுக்கு யானை.

கயல்_மிட்ராண்ட் | மூன்று வாரம் கழித்து, வியாழன் இரவு 9.25

போய் வந்துவிட்டோம். கபானாஸ், தரைத்தளம், அடுத்தடுத்து இரண்டு அறை, ஞாயிறு முதல் புதன்.

மீனா அக்கா சொன்ன மாதிரி தாளில் மகளின் நாளை எழுதி எடுத்துப் போனேன். ஏறக்குறைய அப்படியே நடந்தது, பூங்காவில் அவள் இருந்தது முதல் நாள் ஒன்றரை மணி நேரம், இரண்டாம் நாள் நாற்பது நிமிடம். மற்றபடி புல்தரைதான். மாமியார் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஆறு மணிக்கு எழுந்த பேத்தியைப் பார்த்துக்கொண்டார். நாங்கள் எட்டுவரை தூங்கினோம்! கல்யாணமான பிறகு இதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

பாபு சொன்னதும் நடந்தது. ஈரத்துணியோடு தூங்கும் பிள்ளையைத் தோளில் போட்டு ஷட்டிலுக்கு நின்றோம். அந்தப் பத்து நிமிடம் கணவர் என்னைப் பார்த்த பார்வையில் "பேலஸ்" என்று எழுதியிருந்தது. மறுநாள் அவரே காரை எடுத்து வந்தார், பிரச்சினை தீர்ந்தது.

யாரும் சொல்லாத ஒன்று: பிரிட்ஜ் ஆஃப் டைம் என்ற யானைச் சிலைப் பாலம் இருக்கிறதே, நேரத்துக்கு நேரம் அது பூகம்பம் மாதிரி உறுமி நடுங்கும், புகை வரும். நாங்கள் சரியாக நடுவில் நிற்கும்போது ஆரம்பித்தது. மகள் போட்ட அலறலில் யானையே நடுங்கியிருக்கும். மகன் "இன்னொரு தடவை!" என்று மூன்று முறை இழுத்துப் போனான். சின்னதுகள் இருந்தால் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

பிலானெஸ்பெர்க்கில் காண்டாமிருகம் பார்த்தோம். மகள் தூங்கினாள், மாமியாரும் தூங்கினார். எழுப்பினேன், "எருமைதானே" என்று திரும்பப் படுத்துவிட்டார்.

புளிச்சோறு இரண்டு நாள் வந்தது, தாத்தாவுக்கு நன்றி. நீச்சல் டயப்பர் அதிகமாக வாங்கிவிட்டேன், பிரிக்காத பாக்கெட் இரண்டு மிச்சம். மிட்ராண்ட் பக்கம் யாருக்காவது வேண்டுமா?

லெனேசியா_மருமகள் | வியாழன் இரவு 9.50

என்ன அளவு? தங்கை மகளுக்கு ஆகும், டிசம்பரில் பேலா-பேலா போகிறோம்.

கயல்_மிட்ராண்ட் | வியாழன் இரவு 9.53

பன்னிரண்டு கிலோவுக்கு மேல் என்று போட்டிருக்கிறது. சனிக்கிழமை மெல்ரோஸ் கோயிலுக்கு வருவேன், எடுத்து வரவா?